எக்ஸெல் ஃபார்முலா கற்க எங்கே தொடங்குவது?

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு பார்க்கும் தங்கை ஒருவர் கேட்டது இது: "அண்ணா, கடையில் எல்லாமே எக்ஸெல்தான். எனக்குக் கூட்டல் பட்டனை அமுக்க மட்டும் தெரியும். மற்றதையெல்லாம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து விடையைத் தட்டுகிறேன். 'கட்டாயம் தெரிய வேண்டிய ஐம்பது ஃபார்முலா' மாதிரி வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். மறுநாளே மறந்துபோகிறது. எனக்குக் கணக்கு வராதா? வகுப்பில் சேர வேண்டுமா?"

கணக்கு வராது என்று நினைக்காதீர்கள் தங்கச்சி. கால்குலேட்டரில் போட்டுச் சரியான விடையைத் தட்டுகிறீர்கள் என்றால் கணக்கு உங்களுக்கு நன்றாகவே வருகிறது. அந்த வீடியோக்கள் மனதில் நிற்காததற்குக் காரணம், அவை ஃபார்முலாக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகின்றன. கடைக் கணக்குக்கு வேண்டிய பெயர்கள் ஏழெட்டுதான். உட்கார்ந்து படிக்க வேண்டியது செல்லின் முகவரி, அதாவது ஏ2, பி3 மாதிரி ஒவ்வொரு கட்டத்தின் பெயர். ஃபார்முலா எந்தச் செல்லைப் பார்க்கிறது, கீழே இழுத்தால் அந்தப் பார்வை எங்கே நகர்கிறது, எது நகராமல் நிற்க வேண்டும், இவ்வளவுதான். இது பிடிபட்டவருக்குப் புதிய ஃபார்முலா எதுவும் அரை மணி நேர வேலை. பிடிபடாதவர்கள் பல வருடம் எக்ஸெல்லிலேயே இருந்தும் கால்குலேட்டரை விடுவதில்லை.

ஒரு சின்ன விஷயம். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேலிருந்து கீழே போவதைப் பத்தி என்றும், இடமிருந்து வலம் போவதை வரிசை என்றும் சொல்கிறேன். கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் இரண்டும் இலவசம். கீழே சொல்லும் ஃபார்முலாக்கள் பெரும்பாலும் அவற்றிலும் ஓடும், அதனால் வீட்டில் பழக எக்ஸெல் வாங்க வேண்டியதில்லை.

உங்கள் கடைக் கணக்கிலேயே தொடங்கலாம். சென்னையிலிருந்து மிளகாய், மல்லி, பருப்பு இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். விலைப்பட்டியல் இந்திய ரூபாயில் வருகிறது, அதை வெள்ளியாக (மலேசிய ரிங்கிட்டாக) மாற்ற வேண்டும். ஏ பத்தியில் சரக்கின் பெயர், பி பத்தியில் ஒரு கிலோவின் ரூபாய் விலை. எச்1 செல்லில் அன்றைய மாற்று விகிதம், கணக்குக்கு 0.05 என்று வைத்துக்கொள்வோம். சி2 செல்லில் =பி2*எச்1 என்று தட்டுகிறீர்கள். மிளகாய் 240 ரூபாய், விடை 12 வெள்ளி. சரியாக வந்துவிட்டது. இப்போது அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுங்கள். மல்லிக்கு 0, பருப்புக்கு 0, கடைசி வரை எல்லாம் 0.

இந்த இடத்தில்தான் பலர் கால்குலேட்டருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். மல்லியின் சி3 செல்லில் நின்று விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப்2 விசையை அமுக்குங்கள். ஃபார்முலா திறக்கும், அது பார்க்கும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு வண்ணக் கட்டம் தெரியும். அதில் =பி3*எச்2 என்று இருக்கும். பி2 என்பது பி3 ஆனது நல்லதற்குத்தான், மல்லியின் விலை அங்கே இருக்கிறது. எச்1 என்பது எச்2 ஆனதுதான் வினை. எச்2 காலியாக இருக்கிறது, காலியைப் பெருக்கினால் பூஜ்யம். சி2 செல்லில் நீங்கள் எழுதியதை எக்ஸெல் 'எச்1' என்று நினைவில் வைக்கவில்லை. 'என்னிலிருந்து ஐந்து பத்தி வலது, ஒரு வரிசை மேலே' என்று வைத்துக்கொண்டது. ஒரு படி கீழே இறக்கியதும் அந்தக் கணக்கும் ஒரு படி இறங்கிவிட்டது.

நகரக் கூடாத முகவரிக்கு டாலர் குறி போடுகிறோம்: =பி2*$எச்$1. தட்டும்போது எச்1 பக்கத்தில் நின்று எஃப்4 விசையை அமுக்கினால் இரண்டு டாலரும் தானாக வரும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும். எஃப்4 விசையை மறுபடி மறுபடி அமுக்கினால் டாலர் இடம் மாறுவதைக் கவனிப்பீர்கள். எச்$1 என்றால் வரிசை மட்டும் நிற்கும், $எச்1 என்றால் பத்தி மட்டும் நிற்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பூஜ்யம் வந்ததால் தவறு கண்ணில் பட்டது. எச்2 செல்லில் யாராவது லாரி வாடகையையோ கழிவு விகிதத்தையோ எழுதி வைத்திருந்தால், பூஜ்யத்துக்குப் பதில் ஏதோ ஒரு எண் வந்து நின்றிருக்கும். பார்க்க விலை போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு ஃபார்முலாவில் பெரிய கவலை இந்த மாதிரி விடைகள் மேல்தான். சிவப்பாகக் கத்தும் பிழையைத் திருத்திவிடலாம்.

டாலர் கைக்குப் பழக ஒரு பயிற்சி சொல்கிறேன், தவறாமல் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டை எக்ஸெல்லில் போடுங்கள். ஏ2 முதல் ஏ11 வரை 1 முதல் 10, பி1 முதல் கே1 வரை 1 முதல் 10. பி2 செல்லில் ஒரே ஒரு ஃபார்முலா எழுத வேண்டும். அதைக் கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்தால் நூறு கட்டமும் சரியாக நிரம்ப வேண்டும். விடை =$ஏ2*பி$1. விடையைச் சொல்லிவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள். டாலரை எடுத்துவிட்டு இழுங்கள், இடம் மாற்றிப் போட்டு இழுங்கள், ஏன் அந்த எண் வந்தது என்று எஃப்2 அமுக்கிப் பாருங்கள். இதைச் சலிக்கும்வரை செய்தால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

அடுத்தது எல்லை. கூட்டல் பட்டனை அமுக்கும்போது எக்ஸெல் =சம்(டி2:டி40) என்று தானே ஒரு எல்லையைப் பிடிக்கிறது. அது சரியான இடத்தில் முடிகிறதா என்று பார்ப்பவர் குறைவு. இது சின்னக் கடைக்காரர்களின் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசுகளின் கடன் பற்றி 2010-இல் எழுதிய ஆய்வு உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்த ஃபார்முலா 49-ஆம் வரிசை வரை போக வேண்டியது, 44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் கணக்கில் வரவே இல்லை. அந்த ஆய்வின் மேல் வேறு விமர்சனங்களும் வந்தன, ஆனால் இந்தப் பிழையை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் விற்பனைப் பட்டியலிலும் இது நடக்கும். மாதக் கடைசியில் பட்டியலுக்குக் கீழே புது வரிசை சேர்ப்பீர்கள், கூட்டல் பழைய இடத்திலேயே நிற்கும். இதற்கு நல்ல வழி, பட்டியலுக்குள் நின்று கன்ட்ரோல் விசையோடு டேபிளின் முதல் ஆங்கில எழுத்தான டி அமுக்கி (டி பத்தியின் டி இல்லை) அதை 'டேபிள்' ஆக்கிவிடுவது. பிறகு கீழே எத்தனை வரிசை சேர்த்தாலும் அந்த டேபிளைப் பார்க்கும் ஃபார்முலாக்களின் எல்லை தானே நீளும்.

இப்போது விகிதங்கள். மாற்று விகிதத்தை எச்1 செல்லில் தனியாக வைத்தோம் அல்லவா, எல்லா விகிதத்தையும் அப்படித்தான் வைக்க வேண்டும். ஃபார்முலாவுக்குள்ளேயே 0.05 என்று எழுதினால் நாளைக்கு ஒவ்வொரு செல்லாகத் திறந்து மாற்ற வேண்டிவரும். இந்த வகை மென்பொருள் பிறந்ததே இதற்காகத்தான். டான் பிரிக்லின் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தபோது, கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொட்ட மற்ற எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979-இல் அவர் விசிகால்க் மென்பொருளைக் கொண்டுவந்தார்.

நம் மலேசியாவில் வரி விகிதம் எவ்வளவு வேகமாக மாறும் என்று உங்களுக்கே தெரியும். 2015 ஏப்ரல் 1-இல் ஜிஎஸ்டி 6 சதவீதம் வந்தது. 2018 ஜூன் 1-இல் அது பூஜ்யமானது. அதே வருடம் செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 8 சதவீதம், உணவு, பானம் போன்ற சிலவற்றுக்கு 6 சதவீதமே. ஃபார்முலாவுக்குள் 6 சதவீதம் என்று எழுதி வைத்திருந்த அலுவலகங்கள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு செல்களைத் திறந்து திருத்தியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் தனிச் செல்லில் வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. 2024 மார்ச்சில் அந்தச் செல்லில் 6-ஐ அழித்து 8 போட்டால், 2023-இல் கொடுத்த பில்களும் அந்த நிமிடமே 8 சதவீதத்துக்கு மாறிவிடும். அதனால் காலத்தோடு மாறும் விகிதத்துக்குத் தேதியோடு ஒரு சின்ன அட்டவணை வேண்டும். இந்தத் தேதியிலிருந்து இந்த விகிதம் என்று எழுதிவைத்து, பில்லின் தேதியைக் கொண்டு அதில் தேட வேண்டும். தேடும் ஃபார்முலாவான விலுக்கப்பை நான் மிக முக்கியமாக நினைப்பது இதனால்தான்.

சம்பளக் கணக்கை வைத்து அதைச் சொல்கிறேன், உங்களுக்கு மாதாமாதம் உதவும். இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் ஊழியர் பங்கு 11 சதவீதம், 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். (60 வயதுக்கு உட்பட்ட மலேசிய ஊழியர்களுக்கு.) அதனால் பலர் =பி2*11% என்று எழுதிவிடுகிறார்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு 187 வரும், அது சரிதான். 1,710 வெள்ளிக்கு 188.10 வரும், அது தவறு. இபிஎஃப் சட்டம் அதன் மூன்றாம் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறது. அதில் 5,000 வரை 20 வெள்ளிக்கு ஒரு படி. 1,700.01 முதல் 1,720 வரை ஒரே படி. படியின் மேல் எண்ணுக்குச் சதவீதம் போட்டு, சில்லறையை அடுத்த வெள்ளிக்கு உயர்த்தியிருப்பார்கள். ஆக 1,710 வெள்ளிக்கு ஊழியர் பங்கு 190, முதலாளி பங்கு 224.

இதற்கு அந்த அட்டவணையை 'அட்டவணை' என்ற தனித் தாளில் வையுங்கள். ஏ பத்தியில் படியின் தொடக்கம், பி பத்தியில் முடிவு, சி பத்தியில் முதலாளி பங்கு, டி பத்தியில் ஊழியர் பங்கு. சம்பளத் தாளில் =விலுக்கப்(பி2,அட்டவணை!$ஏ:$டி,4,ட்ரூ) என்று எழுதுங்கள். பி2 செல்லில் இருக்கும் சம்பளத்தை எடுத்துக்கொண்டு ஏ பத்தியில் மேலிருந்து தேடு, அதைத் தாண்டாத கடைசி எண்ணில் நில், அந்த வரிசையின் நான்காவது பத்தியைக் கொடு என்று அதற்குப் பொருள். 1,710-ஐத் தாண்டாத கடைசி எண் 1,700.01, எனவே 190 வரும். ஏ பத்தி சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தப்பான படியில் நின்றுவிடும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்குப் பிடிக்கும் சொக்சோவுக்கும் இதே மாதிரி படி அட்டவணைதான். முன்னே சொன்ன வரி விகிதத்துக்கும் இதே ட்ரூ, சம்பளத்துக்குப் பதில் பில் தேதி.

கடைசியில் வரும் அந்த ட்ரூவைக் கவனியுங்கள். சரக்குக் குறியீட்டைக் கொடுத்து விலையைத் தேடும்போது அங்கே ஃபால்ஸ் போட வேண்டும். ஃபால்ஸ் என்றால் அச்சு அசல் அதே குறியீடு வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல். எதுவும் எழுதாமல் விட்டால் எக்ஸெல் அதை ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும், இல்லாத குறியீட்டுக்குப் பக்கத்துச் சரக்கின் விலையைக் கொடுத்துவிடும். வீடியோக்களில் இதை ஒரு நொடியில் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது வருத்தம். எக்ஸெல் 2021 அல்லது மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் எக்ஸ்லுக்கப் இருக்கும். அது சொல்லாமலே சரியான பொருத்தத்தைத்தான் தேடும். கடைக் கணினியில் 2016, 2019 இருந்தால் எக்ஸ்லுக்கப் வராது, விலுக்கப் போதும்.

ஃபார்முலா சரியாக இருந்தும் விடை வராத நேரமும் உண்டு. அப்போது செல்லுக்குள் இருப்பது எண்ணா எழுத்தா என்று பாருங்கள். நீங்கள் கைவைக்காத செல்லில் எண் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். தேதியில் இது அதிகம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால், நீங்கள் மார்ச் 5 என்று நினைத்து 05/03/2025 தட்டுவதை அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 25/03/2025 தட்டினால் 25-ஆம் மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் சில தேதி வலதுபக்கமும் சில இடதுபக்கமும் நின்றால் காரணம் இதுதான். விண்டோஸில் வட்டார அமைப்பை மலேசியாவுக்கு மாற்றுங்கள், அதற்கு முன் தட்டிய தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள்.

ஐசி (அடையாள அட்டை) எண்ணும் அப்படித்தான். 2003-இல் பிறந்த ஊழியரின் எண் 03 என்று தொடங்கும். கோடு போடாமல் தட்டினால் எக்ஸெல் அதை எண் என்று எடுத்து முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், 12 இலக்கம் 11 ஆகிவிடும். கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. 16 இலக்க அட்டை எண் என்றால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளது பூஜ்யமாகிவிடும், பிறகு மீட்க முடியாது. கூட்டவோ பெருக்கவோ போகாத எண்களுக்கு, தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

கடன் பட்டியலுக்கு சம்இஃப்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வாடிக்கையாளர், எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்பதை ஒரே ஃபார்முலா கொடுத்துவிடும். முகவரிப் பாடம் முடிந்தவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் அந்த வரிசையை அது விட்டுவிடும், டிரிம் போட்டு எடுத்துவிடலாம். ரொக்க பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்குச் சரிக்கட்டுவதற்கு =ரவுண்ட்(டி20*20,0)/20. 47.83 வெள்ளி 47.85 ஆகும், 47.82 வெள்ளி 47.80 ஆகும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2008 ஏப்ரலில் கொண்டுவந்த முறைப்படி இது பில்லின் மொத்தத்துக்குத்தான், ஒவ்வொரு சரக்குக்கும் போடக் கூடாது.

பிழைச் செய்திகளைக் கண்டு கலங்க வேண்டாம். ##### வந்தால் பத்தி குறுகலாக இருக்கிறது, இழுத்து அகலமாக்குங்கள். என்/ஏ என்றால் தேடியது கிடைக்கவில்லை. ரெஃப் என்றால் ஃபார்முலா பார்த்துக்கொண்டிருந்த செல்லை யாரோ நீக்கிவிட்டார்கள், உடனே கன்ட்ரோல் இசட். இவற்றை மறைக்க இஃப்எரர் போடச் சொல்வார்கள். முதல் சில மாதங்கள் போடாதீர்கள். எங்கே கோளாறு என்று அந்தச் செய்திதான் காட்டிக்கொடுக்கிறது.

இப்போது சாட்ஜிபிடி மாதிரி கருவியிடம் கேட்டால் ஃபார்முலாவை எழுதியே கொடுத்துவிடும். கேளுங்கள், தப்பில்லை. ஒட்டிய பிறகு எஃப்2 அமுக்கி அது பார்க்கும் செல்கள் சரியா என்று பாருங்கள். விடை தெரிந்த மூன்று வரிசையைக் கால்குலேட்டரில் போட்டு ஒப்பிடுங்கள். அந்த மூன்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறானதாக இருக்கட்டும், சம்பளத்தில் 1,700-ஐயும் 1,700.01-ஐயும் சோதிப்பது போல. உங்கள் கால்குலேட்டருக்கு இனி இதுதான் நல்ல வேலை.

வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். உடனே காசு கட்டிச் சேர வேண்டாம். முதலில் வாய்ப்பாட்டுப் பயிற்சி, பிறகு ரூபாய் விலைப்பட்டியல், பிறகு சம்பளத் தாள் என்று உங்கள் சொந்தக் கோப்பின் பிரதியில் செய்யுங்கள். மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றினால் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் இருக்கும் கடையென்றால் ஊழியர் பயிற்சி நிதியைப் பார்த்துக்கொள்ளும் எச்ஆர்டி கார்ப்புக்கு மாதம் சம்பளத்தில் 1 சதவீத லெவி கட்டிக்கொண்டிருப்பார். ஐந்து முதல் ஒன்பது பேர் என்றால் விருப்பப்பட்டுப் பதிந்திருக்கலாம். அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்கென்றே இருக்கிறது, வகுப்புக்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கினால் கட்டணத்தை அதிலிருந்து எடுக்கலாம். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஃபார்முலா சொல்லித் தருவீர்கள் என்று கேட்காதீர்கள், எங்கள் கடைக் கோப்பைக் கொண்டுவந்து செய்யலாமா என்று கேளுங்கள்.